ஆடிப்போன சார்ஜிங் சாக்கெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏலக்காய் வியாபாரத்துக்காகப் போடிக்கும் புத்தடிக்கும் ஜீப்பில் அடிக்கடி போய் வருகிறேன். முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் பழைய ஜி.பி.எஸ். கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் சாக்கெட் மினி யு.எஸ்.பி. வகை. சில மாதங்களாக வயரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறியது. இப்போது சாய்த்தாலும் ஏறுவதில்லை. கடையில் கேட்டால், ‘இதற்கெல்லாம் இனிமேல் செலவு செய்யாதீர்கள், கைப்பேசியிலேயே வழி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். சரிசெய்யவே முடியாதா?
– வாசகர், கம்பம்

பதில்: சரிசெய்ய முடியும், செய்வதும் நல்லது. மேலே ஏலத்தோட்டச் சாலைகளில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். வரைபடத்தைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும் உங்கள் கருவியோ சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டே இடத்தைக் கணித்துவிடும். அதற்கு டவர் தேவையில்லை.

சாக்கெட்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் வயரையும் சார்ஜரையும் சோதித்துவிடுங்கள். செருகுமுனைக்குப் பக்கத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தாலும், சாய்த்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறும் இதே அறிகுறி தென்படும். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜரின் நுனியைத் திருகிக் கழற்றினால், பல சார்ஜர்களில் சிறிய கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அது எரிந்திருந்தால் அடியோடு சார்ஜ் ஏறாது. வேறொரு நல்ல வயரையும் சார்ஜரையும் மாட்டிப் பார்த்தால் இந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு டார்ச் அடித்துச் சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். நடுவில் நாக்குப் போல ஒரு பிளாஸ்டிக் பட்டையும் அதன் மேல் ஐந்து மெல்லிய உலோகப் பின்களும் வரிசையாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைச்சாலையின் ஈரமும் தூசியும் சேர்ந்து அந்தப் பின்களில் பச்சை பூத்திருந்தால், கருவியை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து நன்றாக உலரவிட்டாலே சில சமயம் போதும். ஊக்கையோ குண்டூசியையோ உள்ளே விட்டுக் கிளறாதீர்கள். நாக்கு உடைந்திருந்தாலோ, வயரை லேசாக அசைக்கும்போது சாக்கெட்டின் உலோக உறையே சேர்ந்து ஆடினாலோ, கருவியைப் பிரித்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. உள்ளே இருக்கும் ஐந்து பின்களும் மின்சாரத்தையும் தரவையும் கடத்துகின்றனவே தவிர, ஜீப்பின் குலுக்கலைத் தாங்குவன அவை அல்ல; அந்த வேலையைச் செய்வன உலோக உறையை சர்க்யூட் போர்டோடு பிணைக்கும் பக்கவாட்டுக் கால்கள். கண்ணாடியிலிருந்து தொங்கும் வயர் ஒவ்வொரு குழியிலும் சாக்கெட்டை நெம்பிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் உறைக்கால்களைப் போர்டோடு ஒட்டியிருக்கும் ஈயம் (சால்டர்) விரிசல் விடும், அதன் பிறகுதான் பின்கள் விலகும். ஆகையால் பின்களுக்கு மட்டும் அவசரமாக ஈயம் வைத்து அனுப்பும் பழுதுபார்ப்பு அடுத்த மலையேற்றத்தைக்கூடத் தாங்காது.

பிரிப்பதற்கு முன்னால் கருவியை அணைத்துவிட வேண்டும். திருகாணிகள் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். மூடியைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் திரும்ப மாட்டாமல் புதியது வாங்கிவிடுங்கள். திரைக்குப் போகும் மெல்லிய ரிப்பனை இழுக்காமல், அதன் பூட்டைத் தூக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

பழைய சாக்கெட்டைக் கழற்றும்போதுதான் பெரும்பாலான போர்டுகள் பாழாகின்றன. உறைக்கால்கள் போர்டின் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் அவை வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடும். சிறிய சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு, இளகாத ஈயத்தோடு மல்லுக்கட்டிச் சாக்கெட்டைப் பிடுங்கினால், அடியில் இருக்கும் செம்புத் தடமும் கூடவே உரிந்து வந்துவிடும். பிற்காலத்துக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது காரீயம் கலக்காத சால்டர். அது ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில்தான் இளகத் தொடங்கும். ஒவ்வொரு காலிலும் நிறைய சால்டரிங் பேஸ்ட் (ஈயம் நன்றாக இளகிப் பிடிக்க உதவும் பசை) தடவி, 183 டிகிரியில் இளகும், வெள்ளீயமும் காரீயமும் 63/37 விகிதத்தில் கலந்த சால்டரைக் கலந்துவிட்டால் இளகும் வெப்பம் குறைந்துவிடும். அதன் பிறகு பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களைக் வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பால் மறைத்து, ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் மெஷின்) கொண்டு சீராகச் சூடேற்றினால், சாக்கெட் தானாக நழுவத் தொடங்கும். அதுவரை இடுக்கியால் இழுக்கவே கூடாது. கடைக்காரரிடம் ஹாட் ஏர் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கருவியைக் கொடுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

புதிய சாக்கெட்டின் கால் அமைப்பு பழையதோடு அச்சாகப் பொருந்த வேண்டும், மினி யு.எஸ்.பி. என்ற ஒரே பெயரில் பல அமைப்புகள் விற்கின்றன. முதலில் ஒரு உறைக்காலை மட்டும் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு பின்களையும் மற்றக் கால்களையும் ஒட்ட வேண்டும். உறைக்கால்களுக்கு ஈயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துப் பார்க்கும்போது அடுத்தடுத்த பின்களுக்கிடையிலும், 5 வோல்ட் வரும் முதல் பின்னுக்கும் எர்த்தான ஐந்தாவது பின்னுக்கும் இடையிலும் பீப் ஒலி கேட்கக் கூடாது. அதன் பின்னரே பேட்டரியை மாட்டலாம்.

செம்புத் தடம் ஏற்கெனவே உரிந்திருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முதல் பின், ஐந்தாவது பின் ஆகியவற்றின் தடங்கள் போர்டில் அடுத்துப் போய்ச் சேரும் பாகம் வரை எனாமல் பூசிய மெல்லிய கம்பியால் ஜம்பர் அடித்தால் (நேரடியாக இணைத்தால்) சார்ஜ் ஏறும். நடுவில் இருக்கும் தரவுப் பின்கள் போய்விட்டால் கணினி வழியாக வரைபடத்தைப் புதுப்பிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, உறையின் இரு பக்கங்களிலும் சிறிது எபாக்ஸி பசை வைக்கச் சொல்வது என் வழக்கம். அடுத்த முறை கழற்றுவது கடினம் என்று சில மெக்கானிக்குகள் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஜீப்பில் போகும் கருவிக்கு அது வேண்டும் என்பதே என் கருத்து. பசை சாக்கெட்டின் வாய்க்குள் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். வயரையும் செருகுமுனையிலிருந்து சிறிது தளர்வு விட்டு, ஸ்டாண்டின் தண்டோடு கட்டிவையுங்கள்.

கேள்வி: ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் சரக்கு வேன் ஓட்டுகிறேன். என் கார்மின் கருவிக்குப் புதிய சாக்கெட் போட்டார்கள். சார்ஜ் ஏறுகிறது; ஆனால் வயரைச் செருகியவுடன் திரையில் கணினியின் படம் வந்து, வழி காட்டுவது நின்றுவிடுகிறது. சாக்கெட்டைத் தவறாக ஒட்டிவிட்டார்களா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: தவறு வயரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். மினி யு.எஸ்.பி.யில் நான்காவது பின், எதிர்முனையில் என்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கருவிக்கு அறிவிப்பதற்காக இருப்பது. கணினிக்கான சாதாரண வயரில் அது எதனோடும் சேராமல் சும்மா விடப்பட்டிருக்கும். இந்த வகைக் கருவிகளின் வாகன வயரிலோ அந்தப் பின் தனியாக இணைக்கப்பட்டிருப்பதால்தான், கருவி தான் வண்டியில் இருப்பதாக அறிந்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டே வழியும் காட்டுகிறது. கருவியோடு வந்த வாகன வயரை மாட்டிப் பாருங்கள். தொலைந்திருந்தால் அந்த மாடலுக்கான வாகன வயர் என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். சரியான வயரிலும் கணினிப் படமே வந்தால், நான்காவது பின்னில் ஈயம் பிடிக்கவில்லை என்று பொருள். பழுது பார்த்தவரிடமே திரும்பக் கொண்டுபோய் அந்த ஒரு பின்னை மட்டும் பார்க்கச் சொல்லலாம்.

கேள்வி: காரில் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சார்ஜரை லாரியில் மாட்டலாமா? சாக்கெட் கெட்டுவிடுமா?
– வாசகர், வாளையார்

பதில்: காரில் இருப்பது 12 வோல்ட், கனரக லாரிகளில் 24 வோல்ட், எஞ்சின் ஓடும்போது அது சுமார் 28 வரை போகும். சார்ஜரின் மேல் ‘12–24 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் தாராளமாக மாட்டலாம். 12 மட்டும் என்றிருந்தால் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பாகம் எரியும்போது கூடுதல் வோல்ட் அப்படியே கருவிக்குள் பாய்ந்தால், சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐ.சி. போய்விடும். சிலர் லாரியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்த ஒரு பேட்டரியை மட்டும் இறக்கி, இரண்டுக்கும் இடையே ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் என்பதால், 24 வோல்ட்டுக்கு உரிய சார்ஜரை வாங்கிவிடுவதே நல்லது.