மூன்று வாரமாக எடை குறையவில்லை என்ற சகோதரிக்கு

இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைத்தீர்கள். தேவகோட்டைக் கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு மூன்று வாரமாக முள் நகரவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

விருந்துச் சாப்பாட்டின் உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். அதிலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக வேண்டும். நாலு கந்தரப்பத்தில் அது நடக்காது. இன்னொன்று, எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு. அதனால் சாயங்காலப் பலகாரத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். மாமியார் வெள்ளைப் பணியாரம் சுட்டால் வேண்டாம் என்று சொல்லி அவர் மனதை நோகடிக்க வேண்டாம், இரண்டு போதும் என்று சொல்லுங்கள்.

நானும் காரைக்குடிதான். தனியாக நடந்தபோது பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். அவருக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் ஊருணியைச் சுற்றுவோம். ஆனாலும் ஒன்றரை வருடமாக நடக்கிறோம். அவர் காத்திருப்பாரே என்ற நினைப்புதான் என்னை எழுப்புகிறது.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் வரை ஞாயிறுதோறும் எடை பார்த்து எனக்கு எழுதுங்கள். ஏறியிருந்தாலும் எழுதுங்கள், நானும் என்னுடையதைச் சொல்கிறேன்.