இனிப்பு நீரும் நம் சாப்பாடும்: மலேசிய வாசகர்களுக்குப் பதில்கள்

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் என் துறை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. அதை என்னிடம் கேட்க வேண்டாம்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: லோரி ஓட்டுகிறேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.1%. மதியம் நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறிகளும்) கடையை விட்டால் வேறு வழியில்லை.

அதே கடையில் சாப்பிடலாம் தம்பி. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது முட்டை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். வரிசையில் நிற்கும்போதே "சோறு பாதி" என்று சொல்லிவிடுங்கள், தட்டில் கொட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. வெண்டைக்காயை இரண்டு பங்கு கேளுங்கள். பொரித்த கோழிக்குப் பதில் மீன் கறி. குழம்பை "பஞ்சிர்" ஆக்கினால், அதாவது சோறு மூழ்க ஊற்றினால், எண்ணெயும் உப்பும் கூடும், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்றும் தோன்றும்.

உட்கார்ந்ததும் காயையும் மீனையும் முதலில் சாப்பிடுங்கள். சோறு கடைசியில். அதே அளவு சோறுதான், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. ஆய்வுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். முடிந்தால் லோரியில் ஏறுமுன் பத்து நிமிடம் நடங்கள்.

அப்புறம் தண்ணி. தே தாரிக் தேநீரில் ஊற்றும் கெட்டியான இனிப்புப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே 20 கிராமை எட்டிவிடும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு அதைக் குடித்தால் பட்ட பாடு வீண். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் பழகிக்கொள்ளுங்கள். பால் இல்லாமல் இறங்காது என்றால் தே சி கோசோங், அதில் இனிப்பில்லாத பால் மட்டும், சீனி இல்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா: வெள்ளைச் சீனியை விட்டு கூலா மெலாக்காவுக்கு (பனை வகைச் சர்க்கரை) மாறிவிட்டேன். நல்லதுதானே?

அதுவும் சர்க்கரைதான் அக்கா. அளவைக் குறைத்தால் மட்டுமே பலன்.

பிறை, தொழிற்சாலையில் இரவு வேலை: கிளிக்லசைட் (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறேன். விடியற்காலையில் கை நடுங்கி வியர்த்தது. சர்க்கரை பார்க்கும் கருவியில் 3.2 mmol/L காட்டியது. சாக்லேட் சாப்பிட்டேன்.

4-க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் குறைவாக இருந்தால் திரும்பவும் அதையே செய்யுங்கள். ஏறியதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வாரமே கிளினிக்கில் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சுங்கை பட்டாணி அண்ணன்: சோற்றை விட்டுவிட்டேன். காலையில் பெரிய குவளை நிறையக் கேழ்வரகுக் கூழ், இரவில் நான்கு சப்பாத்தி. ஆனாலும் குறையவில்லை.

குறையாததில் ஆச்சரியமில்லை. நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் கேழ்வரகிலும் ஆட்டாவிலும் 70-ஐ ஒட்டி இருக்கும். நார்ச்சத்து கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாவாக அரைத்துக் காய்ச்சிய கூழுக்கு மெல்லும் வேலையே இல்லை, சீக்கிரம் செரித்துவிடுகிறது.

அதே அண்ணன்: எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கூழ் குடித்தே தொண்ணூறு வயது வாழ்ந்தார்!

விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வாளி சுமந்து நடந்த உடம்பு அது. நீங்கள் கணக்கர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். கூழை நான் குறை சொல்லவில்லை, குவளையின் அளவைத்தான் சொல்கிறேன்.

குறுக்கே கிள்ளான் அக்கா: அப்படியென்றால் சோறே சாப்பிடலாமே? ஏன் எங்களைச் சப்பாத்திக்கு மாற்றினார்கள்?

சாப்பிடலாம் அக்கா, அளவோடு. பாஸ்மதியும் புழுங்கல் அரிசியும் பொதுவாகச் சாதாரண வெள்ளை அரிசியைவிட மெதுவாக ஏற்றும். இரண்டு சப்பாத்தியோடு பருப்பும் கீரையும் இருந்தால் அதுவும் நல்ல சாப்பாடு. இருவரும் வாதத்தை விட்டு கருவியை எடுங்கள். ஒரு நாள் கூழ், ஒரு நாள் சோறு. சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. பொதுவாக 8.5-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு வேறு இலக்கு இருந்தால் டாக்டர் சொல்லியிருப்பார். யார் தாத்தா எதைக் குடித்தார் என்பதைவிட உங்கள் ரத்தம் என்ன சொல்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

தேன் சேர்க்கலாமா? கருப்பட்டி? பழுப்புச் சீனி? (மூன்று பேர்)

ஆயர் ஈத்தாம் அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றுக்கும் அதே பதில்.

புலாவ் தீக்குஸ்: பாகற்காய்ப் பொடி விற்கிறார்கள். மெட்ஃபோர்மினை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடலாமா?

கூடாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். பாகற்காயைக் கறியாகச் சமைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வியாதியைக் குணமாக்கும் என்று விற்கும் பொடியில் மால் (MAL) எனும் மருந்துப் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள். உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஜெலுத்தோங்: இன்சுலின் எத்தனை யூனிட் ஏற்றலாம்?

டாக்டரிடம் கேளுங்கள்.

பாலிக் புலாவ் அம்மா: வீட்டில் டுரியானும் பெலிம்பிங்கும் (நட்சத்திரப் பழம்) காய்க்கின்றன. என் கணவருக்கு இனிப்பு நீர், கிட்னியும் பலவீனம்.

அம்மா, பெலிம்பிங்கை அவருக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு துண்டுகூட வேண்டாம், சாறும் வேண்டாம். கிட்னி பலவீனமானவர்களின் உடம்பில் அதன் நச்சு தங்கி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். உயிரே போயிருக்கிறது. ஏற்கெனவே சாப்பிட்டு விக்கல் வந்திருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

டுரியானில் சர்க்கரையோடு பொட்டாசியமும் அதிகம். சர்க்கரை மட்டும் பிரச்சினை என்றால் ஒரு சிறு சுளை தின்றுவிட்டு அந்த வேளைச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருப்பேன். அவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்கின் உணவு ஆலோசகரைப் பாருங்கள். அதுவரை டுரியானை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுங்கள்.