புது மென்பொருள் ஒரு குழுவில் ஓடுகிறது, மற்ற பிரிவுகள் ஏன் தொட மாட்டேன் என்கின்றன?
உங்கள் குழுவில் புது ஸ்டாக் (சரக்கு இருப்பு) மென்பொருள் ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது, கொள்முதலும் கணக்குப் பிரிவும் மட்டும் எக்செல்லை விடுவதில்லை என்கிறீர்கள். இது பிடிவாதம் இல்லை. வேலை அவர்களுக்குக் கூடுகிறது, மிச்சமாகும் நேரமோ உங்கள் கணக்கில் சேர்கிறது, அப்புறம் எதற்கு மாறுவார்கள்?

பெரிய நிறுவனத்திலும் இதே கதைதான்: ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ (கலிஃபோர்னியா) ஆய்வகம் 1973-லேயே மவுஸோடு ஆல்டோ கணினியைச் செய்துவிட்டது; ஆனால் காப்பியரில் காசு பார்த்துப் பழகிய நிறுவனம் (தலைமையகம் அமெரிக்காவின் மறுகோடியில்!) அதை ஒட்டிய ஸ்டார் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1981-ல்தான்.

பிரிவுகள் தனித்தனியே இயங்கும் தளர்வான அமைப்பில் யோசனை சீக்கிரம் முளைக்கும், ஆனால் பிரிவு தாண்டிப் பரவ மேலிருந்து யாராவது தள்ள வேண்டும். அதனால் இன்னொரு டெமோ காட்டி நேரத்தை வீணாக்காமல், மூன்று பிரிவுக்கும் பொதுவான மேலாளரைப் பிடித்து, ஸ்டாக் பிழைகளை மூவரின் இலக்கிலும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், சரி, இப்போதைக்கு உங்கள் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.