நான்காவது ஆள் வந்தால் என்ன செய்வான்?

கே: என் மகனுக்கு 13 வயது. கால்பந்து ஆடுகிறான், மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவான். கீழே விழாமல் காலிலேயே ஐம்பது தடவை தட்டுவான். ஆனால் அவனுடைய கோச் போன மாதம் முழுக்க அவனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பயிற்சியிலும் சுவரில் பந்தடிக்க வைத்தே ஒரு மணி நேரத்தை ஓட்டுகிறார். கேட்டால் 'முதலில் பாஸ் வரட்டும் சார்' என்கிறார். நான் ஒவ்வொரு மேட்சுக்கும் போய் 'நீயே கொண்டுபோடா' என்று குரல் கொடுத்து உற்சாகப்படுத்துகிறேன். பாஸ் பண்ணுவது என்ன பெரிய வித்தையா? கோச்சை மாற்றிவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை

ப: மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவரை மாற்றலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 90 நிமிட ஆட்டம் என்கிறோமே தவிர த்ரோ, ஃப்ரீ கிக், காயம், நடுவரோடு வாக்குவாதம் எல்லாம் போக, பெரிய போட்டிகளிலேயே பந்து உருளுகிற நேரம் சராசரியாக ஒரு மணியை ஒட்டித்தான் இருக்கும். அதை 22 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. உங்கள் பையனின் சாகசமெல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள்தான். அதற்கே யாராவது அவனுக்குப் பந்தைக் கொடுத்தாக வேண்டும், முடிந்ததும் அவன் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். சரி, மூன்று பேரைத் தாண்டிவிட்டான், நான்காவது ஆள் வந்தால்? உங்கள் கடிதத்தில் அந்த நான்காவது ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோச் கவலைப்படுவது அவனைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

இன்று சாயங்காலம் மகனைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்கவைத்து அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கிற காலை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் ஊன்றிய காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறதா, அதன் விரல்கள் பந்து போக வேண்டிய திசையைப் பார்க்கின்றனவா? பெரும்பாலான பையன்கள் பந்துக்குப் பின்னாலேயே காலை ஊன்றிவிட்டு எட்டி அடிப்பார்கள். உடம்பு பின்னால் சாயும், கால் பந்தின் அடியில் போகும், பந்து எழும்பி வாங்குகிறவனின் முழங்காலுக்கு வரும். அவன் அதைக் கீழே இறக்குவதற்குள் எதிராளி வந்து நிற்பான். அப்புறம் அடிக்கிற பாதம். உள்பக்கம், பெருவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் உள்ள அகலமான பகுதி, பந்தின் நடுவில் பட வேண்டும். கணுக்கால் விறைப்பாக இருக்க வேண்டும், விரல்நுனி சற்றே மேல்நோக்கி. கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் 'தொப்' என்று ஒரு சத்தம் வரும், பந்து பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். சரியாகப் பட்டால் சத்தமே வேறு. இரண்டு நாள் கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும், பார்க்கக்கூட வேண்டாம்.

வலது காலால் இருபது முடிந்ததும் இடது காலால் இருபது. வேடிக்கை அங்கேதான் ஆரம்பம். ஐம்பது தடவை தட்டுகிற பையன் இடது காலால் நேராக ஐந்து அடித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், பாராட்டி இதே பக்கத்தில் போடுகிறேன்.

பாஸில் காலுக்கு இருக்கிற வேலை இவ்வளவுதான், ஒரு மாதத்தில் வந்துவிடும். வராமல் இழுத்தடிப்பது கண். 2024 ஏப்ரல் 30 அன்று மியூனிக்கில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைத் தேடிப் பிடித்து, 24-ஆவது நிமிடத்தை மட்டும் மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ரியல் மாட்ரிட்டின் டோனி குரூஸ் பந்தோடு அவசரமே இல்லாமல் வருகிறார். அதே அணியின் வினீசியஸ் அவரை நோக்கி இறங்கி வருகிறார், எதிரணியான பயர்னின் கிம் மின்-ஜே அவர் முதுகில் ஒட்டிக்கொண்டே வருகிறார். குரூஸ் கையை நீட்டிக் காட்டுகிறார், அங்கே ஓடு என்று. வினீசியஸ் சட்டென்று திரும்பி ஓட, கிம் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் பந்து புல்லை ஒட்டிப் போகிறது. கோல்கீப்பர் வெளியே வந்து எடுக்க முடியாத வேகம், வினீசியஸ் ஓட்டத்தைக் குறைக்கவும் வேண்டாத வேகம். நம் வீட்டுச் சமையலில் பதம் என்போமே, அதுதான். கோல் வினீசியஸ் பெயரில் இருக்கிறது. குரூஸ் யாரையும் தாண்டவில்லை, ஓடக்கூட இல்லை.

இன்னொருவர் பார்சிலோனாவுக்கு நடுக்களத்தில் ஆடிய சாவி. (பெயரைத் தமிழில் எழுதும்போதே பாதி பொருள் வந்துவிடுகிறது, பூட்டிக் கிடந்த எத்தனை தற்காப்பைத் திறந்தவர்!) உயரம் 1.70 மீட்டர், ஓட்டத்திலும் சூரப்புலி இல்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பந்து காலைத் தொடும்போது அடுத்து யாருக்கு என்ற முடிவு எடுத்தாகிவிட்டது. நம் பையன்கள் பந்தை வாங்கி, நிறுத்தி, அப்புறம்தான் தலையைத் தூக்கி யார் இருக்கிறார்கள் என்று தேடுவார்கள். சுற்றி நான்கு பேர் நிற்பார்கள், அவசரத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவார்கள், அவன் மேல் ஏற்கெனவே ஒருத்தன் ஏறிக்கொண்டிருப்பான். கொதிக்கிற பானையை அடுத்தவன் கையில் திணித்துவிட்டு நகர்வதற்குப் பெயர் பாஸ் இல்லை. எதிராளி, பந்தை வாங்குகிறவனுக்கு இடப்பக்கம் நின்றால் வலது காலுக்குக் கொடு, அவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று முன்னாடியே பார்த்திருந்தால்தானே?

இந்தப் பார்வையைச் சுவர் சொல்லித்தராது. அதனால் உங்கள் கோச்சோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஒரு மணி நேரச் சுவர் அதிகம், இருபது நிமிடம் போதும். மீதி நேரத்துக்கு நான்கு பேர் வட்டமாக நின்று தங்களுக்குள் பந்தைத் தள்ளிக்கொள்ள, நடுவில் நிற்கும் ஒருவன் பிடுங்கப் பார்க்கட்டும், யார் தவறவிட்டாலும் அவன் நடுவுக்குப் போக வேண்டும். ரோண்டோ என்று பெயர் வைத்துப் பார்சிலோனாவில் சின்னப் பையன்களிலிருந்து மெஸ்ஸி வரை ஆடியது இதைத்தான். மாதம் முழுக்க பெஞ்ச் என்பதும் சரியில்லை. ஆளைத் தாண்டுகிற துணிச்சல் 13 வயதில் ஒரு பையனுக்கு இருந்தால் அதை அணைத்துவிடக் கூடாது. இதை அவரிடம் தனியாக, மகன் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள்.

அடுத்த மேட்சுக்கும் தாராளமாகப் போங்கள். ஆனால் வாயைத் திறக்காமல் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பந்து வருவதற்கு முன் மகன் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான் என்று ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். 'நீயே கொண்டுபோடா' என்று நீங்கள் கத்தும்போது அவன் பார்ப்பது உங்களை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.