யூதர்களின் வேதமும் நம் பழைய ஏற்பாடும் ஒன்றுதானா?

ஹட்டனில் ஞாயிறு பாடசாலை நடத்துபவர் கேட்கிறார்: யூதர்கள் வாசிப்பதும் பழைய ஏற்பாட்டைத்தான் என்றால், ஏன் இயேசுவை ஏற்கவில்லை?

நூல் பெரும்பாலும் ஒன்று, வாசிப்பு வேறு. யூதர்கள் 24 புத்தகங்கள் என்று எண்ணுவதையே புரட்டஸ்தாந்தர் பிரித்து 39 ஆக எண்ணுகிறார்கள். கத்தோலிக்கருக்குத் தோபித்து, மக்கபேயர் முதலியவையும் சேர்ந்து 46. ஒரே தோட்ட லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் (வீடுகளில்) இருக்கும் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்த வேதாகமங்களே ஒத்துப்போகாது.

எண்ணிக்கையைவிட வரிசைதான் முக்கியம் என்பேன். புரட்டஸ்தாந்தப் பழைய ஏற்பாடு மல்கியாவில், எலியா வருவார் என்ற வாக்கோடு முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் புதிய ஏற்பாட்டின் மத்தேயு. யூதப் பதிப்பு நாளாகமத்தில், எருசலேமுக்குப் போகலாம் என்று பாரசீக ராஜா கோரேசு யூதர்களை அனுமதிப்பதோடு முடிகிறது. அதற்கு இரண்டாம் பாகம் தேவைப்படவில்லை.

ஏசாயா 53ஐ எடுங்கள். துன்பப்படும் ஊழியரில் கிறிஸ்தவர் இயேசுவைக் காண்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியோ அங்கே இஸ்ரவேல் மக்களைக் கண்டார். இதைப் பிடிவாதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். யூத மரபும் வாக்களிக்கப்பட்ட மீட்பரான மேசியாவை எதிர்பார்க்கிறது. அவர் வந்துவிட்டால் யுத்தம் ஒழிந்திருக்க வேண்டுமே என்பதே அவர்கள் கேள்வி. பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் என்று சொன்னதும் அதே ஏசாயாதான்.