காரின் அடித்தளத்தை எவ்வளவு தாழ்த்தலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் படிக்கும் பொறியியல் மாணவர்களாகிய நாங்கள், மாணவர் ஃபார்முலா போட்டிக்காக ஒரு கார் செய்துவருகிறோம். ஃபார்முலா ஒன் போட்டியில் 1983-இல் தட்டையான அடித்தளத்தைக் கட்டாயமாக்கினார்கள். 2022-இல் அடித்தளத்தில் காற்று ஓடும் சுரங்க வடிவை அனுமதித்தார்கள். 2026-இல் மறுபடியும் தட்டையை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். நாங்கள் எதைப் பின்பற்றுவது? மேலும், கணினிச் சோதனையில் தரையிடைவெளியை 30 மி.மீ.க்கும் கீழே குறைத்தபோது டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை) கூடாமல் சரிந்தது ஏன்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால், விதிகள் ஏன் இப்படி மாறி மாறி வந்தன என்பதும் விளங்கிவிடும்.

அகன்று வரும் காவிரி ஒகேனக்கல் பாறை இடுக்கில் நுழைந்ததும் விரைவதைப் போல, காருக்கும் தரைக்கும் நடுவே புகும் காற்றும் அந்தக் குறுகிய இடத்தில் வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைவதால், மேலிருக்கும் காற்று காரைத் தரையை நோக்கி அழுத்துகிறது. பின்புறத்தில் மேல்நோக்கி விரியும் டிஃப்யூசர் அந்தக் காற்றைப் படிப்படியாக வேகம் குறைத்து வெளியே விடுவதால், முன்னாலிருந்து இன்னும் அதிகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆனால் எந்தப் பரப்பை ஒட்டியும் மந்தமாக நகரும் ஒரு மெல்லிய காற்றுப் படலம் உண்டு. இடைவெளி மிகவும் குறுகும்போது அந்தப் படலமே வழியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, உள்ளே போகும் காற்று குறைந்து, டிஃப்யூசரின் பரப்பை விட்டு ஓட்டம் பிரிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு அடித்தளத்துக்கும் டவுன்ஃபோர்ஸ் உச்சம் தொடும் ஓர் உயரம் உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் பலன் குறையும், அதுவும் பெரும்பாலும் திடீரென்று குறையும். உங்கள் கணினி காட்டியது இதுவாகவே இருக்கலாம். எனினும், தரை காரின் வேகத்திலேயே பின்னோக்கி நகர்வதாகவும் சக்கரங்கள் சுழல்வதாகவும் கணக்கில் கொடுத்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். தரையை அசையாமல் வைத்துவிட்டால், உண்மையில் இல்லாத ஒரு படலம் தரைமேலும் உருவாகி, சரிவை மிகைப்படுத்திக் காட்டும்.

இனி விதிகளுக்கு வருவோம். 1978-இல் ஓட்டுநர் மரியோ ஆண்ட்ரெட்டியைச் சாம்பியனாக்கிய லோட்டஸ் 79 கார், பக்கவாட்டில் தரையைத் தொட்டு நகரும் ஸ்கர்ட்டுகள் என்ற தடுப்புப் பட்டைகளால் வெளிக்காற்று அடியில் நுழையாமல் தடுத்தது. ஸ்கர்ட் சேதமடைந்தாலோ தூக்கிக்கொண்டாலோ வளைவின் நடுவிலேயே பிடிமானம் போய்விடும் என்பதால், 1981-இல் நகரும் ஸ்கர்ட்டுகளைத் தடைசெய்து, 6 செ.மீ. இடைவெளியையும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அந்த இடைவெளி கார் நிற்கும்போதுதான் அளக்கப்பட்டது. பிராபம் அணியோ ஓட்டத்தின்போது தானாகத் தாழ்ந்து, நின்றதும் உயரும் சஸ்பென்ஷனைப் பொருத்தி விதியைச் செயலற்றதாக்கிவிட்டது. 1983-இல் முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதித்ததற்கு இதுவும் ஒரு பின்னணி. 1994-இல் காரின் அடியில் 10 மி.மீ. கனமுள்ள பலகையைப் பொருத்தச் சொல்லி, 1 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் தகுதிநீக்கம் என்றார்கள். அந்த ஆண்டு பெல்ஜியத்தில் ஓட்டுநர் ஷூமேக்கரும், 2023-இல் ஆஸ்டினில் ஹாமில்டனும் லெக்லேரும் பலகைத் தேய்மானத்தால் தகுதி இழந்தார்கள். அடித்தள விதிகளிலேயே நன்றாகச் சிந்தித்து எழுதப்பட்டது இந்தப் பலகை விதிதான் என்பேன். ஏனெனில் அது நிற்கும் காரை அளப்பதில்லை, ஓடிய காரின் தடயத்தை அளக்கிறது.

2022-இல் சுரங்கங்கள் திரும்பியதற்குக் காரணம் வேறு. இறக்கைகளை நம்பிய கார்களின் பின்னால் கலங்கிய காற்று பரவியதால், பின்தொடரும் கார் தன் டவுன்ஃபோர்ஸில் பெரும்பகுதியை இழந்தது. அடித்தளத்திலிருந்து அந்த விசையைப் பெற்றால் இழப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். பின்தொடர்வது எளிதாயிற்று, ஆனால் கார்கள் குதிக்கத் தொடங்கின. உறிஞ்சப்பட்டுத் தாழும் கார், ஓட்டம் பிரிந்ததும் பிடி தளர்ந்து உயரும். உயர்ந்ததும் ஓட்டம் மறுபடி ஒட்டிக்கொள்ள, மீண்டும் தாழும். இதைக் கட்டுப்படுத்தவே 2023-இல் அடித்தள ஓரங்களை 15 மி.மீ. உயர்த்தினார்கள். 2026 விதிகள், விறைப்பான சஸ்பென்ஷனையும் மிகத் தாழ்ந்த ஓட்டத்தையும் சார்ந்திருக்கும் நிலையைக் குறைக்க, அடித்தளத்தின் உறிஞ்சும் திறனையே குறைத்திருக்கின்றன.

உங்கள் காருக்கு இவற்றில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் (வேகத்தால் உண்டாகும் அழுத்தம்) ஏறத்தாழ 170 பாஸ்கல்தான். அடியில் சராசரி உறிஞ்சலும் அதே அளவு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர மீட்டர் அடித்தளம் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான விசையையே தரும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். ஆனால் நெருக்கமான வளைவுகள் நிறைந்த மாணவர் போட்டித் தடத்தில் அந்த வேகம் வளைவுகளில் கிடைப்பதில்லை. ஆகையால் எடைக் குறைப்பையும் சஸ்பென்ஷனையும் முடித்த பிறகே அடித்தளத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்.

செய்வதானால், தட்டையான அடித்தளமும் 7 முதல் 10 பாகை சரிவுள்ள எளிய டிஃப்யூசரும் போதும். மாணவர் ஃபார்முலா (ஃபார்முலா ஸ்டூடண்ட்) விதிகள் ஓட்டுநர் அமர்ந்த நிலையில், கார் நிற்கும்போது குறைந்தது 30 மி.மீ. இடைவெளி கேட்கின்றன, தரையைத் தொடும் ஸ்கர்ட்டையும், விசிறியால் அடிக்காற்றை உறிஞ்சுவதையும் தடுக்கின்றன. நீங்கள் பங்கேற்கும் போட்டியின் இவ்வாண்டு விதிப்புத்தகத்தில் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரியாக 30-இல் நிறுத்திவிட்டால், பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி 25 மி.மீ. அமிழ்ந்தால் மிஞ்சுவது 5 மட்டுமே. எனவே உச்ச டவுன்ஃபோர்ஸ் தரும் உயரத்தைத் தேடாமல், பிரேக்கிலும் வளைவிலும் சாயும் வரம்பு முழுவதிலும் விசை சீராக இருக்கும் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள். 40, 50 மி.மீ. உயரங்களையும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

காரை ஓட்டிப் பார்க்கும்போது அடியில் நான்கு மூலைகளிலும் கனம் அளந்த சிறு மரக்கட்டைகளை ஒட்டிவிட்டு, ஓட்டம் முடிந்ததும் மறுபடி அளந்தால், எந்த மூலை தரையைத் தொடுகிறது என்பது தெரியும். இந்த ஓட்டத்தை நெடுஞ்சாலை 44-இன் சர்வீஸ் சாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது சட்டப்படியும் தவறு, ஆபத்தும்கூட. கோவையை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, உரிய அனுமதியுடன் பெற்ற மூடிய திடலிலோ, ஒரே வேகத்தில் நேராக ஓட்டி, நான்கு சஸ்பென்ஷன்களும் அமிழும் அளவைப் பதிவுசெய்யுங்கள். அடித்தளத்தைக் கழற்றிவிட்டு, அதன் எடைக்கு ஈடான சுமையை ஏற்றிக்கொண்டு அதே வேகத்தில் மறுபடி ஓட்டினால், இரண்டு பதிவுகளின் வித்தியாசத்தையும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் கொண்டு அடித்தளத்தின் உண்மையான விசையைக் கணக்கிட்டுவிடலாம்.