செக்யூரிட்டி ஏஜென்சியும் அரசு டெண்டரும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஏஜென்சிகளின் கேள்விகளுக்குப் பதில்

அரசு மருத்துவமனை, கல்லூரி, அலுவலகக் காவல் பணிக்கு டெண்டர் போடத் தயாராகும் ஏஜென்சிக்காரர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஓசூர்: சார், எங்க ஆபீஸ் அத்திப்பள்ளியில இருக்கு. கர்நாடகா பசாரா லைசென்ஸ் கையில இருக்கு. அதை வச்சு ஓசூர்ல டெண்டர் போடலாமா?

முடியாது. 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி (இதைத்தான் சுருக்கமாக பசாரா என்கிறோம்) லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரே ஒரு கார்டை (காவலாளியை) நிறுத்தினாலும் தமிழ்நாட்டு லைசென்ஸ் வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மூன்றும் போதும் என்பவர்களுக்கு 10,000 ரூபாய் லைசென்ஸே போதும். ஆனால் டெண்டர் விடும் துறை மாநிலம் முழுக்கப் பல இடங்களைச் சேர்த்து ஒரே டெண்டராகக் கேட்டால் அது உதவாது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அரூர்: லைசென்ஸ் அடுத்த மாசம் முடியுதுங்க. ரினீவலுக்கு அப்ளை பண்ண ரசீதை வச்சா ஏத்துக்குவாங்களா?

டெண்டர் ஆவணத்தில் 'நடப்பில் உள்ள லைசென்ஸ்' என்று இருந்தால் ரசீதை நம்பாதீர்கள். ஐந்து வருட லைசென்ஸ் முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். போலீஸ் விசாரணை அறிக்கை வந்து சேரும் வேகத்தைப் பார்த்தால் 45 நாள் பத்தாது. நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்.

காரிமங்கலம்: அப்பா பேர்ல புரொப்ரைட்டர்ஷிப்பா இருந்ததை இப்ப பிரைவேட் லிமிடெட்டா மாத்தியாச்சு. பழைய லைசென்ஸும் அனுபவச் சான்றும் செல்லுமா சார்?

கம்பெனி சட்டப்படி வேறு ஆள். புது பான், புது ஜி.எஸ்.டி. எண், அதோடு புது பசாரா லைசென்ஸும் வேண்டும். அனுபவச் சான்று தானாக மாறி வராது. தொழிலை மாற்றிக்கொடுத்த ஒப்பந்தத்தை இணைத்து, ஏற்பீர்களா என்று டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பதில் கவர் திறக்கும் நாளில் உதவாது.

தர்மபுரி: பயிற்சிச் சான்று நிஜமாவே பாக்கறாங்களா?

பார்க்கிறார்கள், குறிப்பாகத் தேதியை. மத்திய மாதிரி விதிகளின்படி புதிய கார்டுக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் 40, 16 மணி நேரம், குறைந்தது 7 வேலை நாட்கள். ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தவருக்குப் பத்தாம் தேதிப் பயிற்சிச் சான்று இருந்தால் மாட்டிக்கொள்வது அங்கேதான். வெளிமாநில ஆட்கள் என்றால், கடந்த ஐந்து ஆண்டுகளில் அவர்கள் வசித்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி நடத்தை விசாரணைப் படிவம் போக வேண்டும். வயது 18 முதல் 65 வரை. அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவரைக் கார்டாக வைக்கக் கூடாது.

பாலக்கோடு: ரேட் போடறதுதான் புரியல. எல்லாரும் எங்களைவிடக் கம்மியா போடறாங்க, எப்படிங்க கட்டுப்படியாகுது?

பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை. யாரோ ஒருவர் வயிற்றில் அடித்துத்தான் அந்த ரேட் வருகிறது.

முதலில் ஆள் கணக்கு. 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய ஒரு கேட்டுக்கு மூன்று பேர் என்று எழுதுகிறார்கள். வாரத்துக்கு 21 ஷிப்ட். வார விடுமுறை போக ஒருவர் ஆறு ஷிப்ட்தான் பார்க்க முடியும். 21ஐ 6ஆல் வகுத்தால் மூன்றரை. அந்த அரை ஆள்தான் ரிலீவர், அதாவது மற்றவர் விடுமுறையில் மாற்றாக நிற்பவர். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் கைக்காசு. தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள் இதற்கு மேல்.

அடுத்து பணம். சம்பளம் 15,000 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 487.50. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், 1,249.50. மொத்தம் 18,687. இதில் ஆறில் ஒரு பங்கு ரிலீவருக்கு, 3,114.50. ஆக ஒரு ஷிப்டை மாதம் முழுக்க நிரப்ப 21,801.50 ரூபாய். சீருடை, மேற்பார்வையாளர், பணிக்கொடை, உங்கள் சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. பதினைந்து கார்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது மாதிரி விதி; அவர் சம்பளத்தையும் பிரித்துப் போடுங்கள்.

'ரெண்டு பேரை 12 மணி நேரம் நிறுத்திடலாம்' என்பார்கள். சட்டப்படி கணக்குப் போட்டால் அது லாபமே இல்லை. கூடுதல் நாலு மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றால் ஒருவருக்கு 16 மணி நேரக் கூலி, இருவருக்கு 32. மூன்று பேருக்கு எட்டு மணி நேரம் என்றால் 24தான்.

சம்பளத்தில் மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம். அகவிலைப்படி ஏப்ரல் 1ஆம் தேதி மாறும். ரயில்வே போன்ற மத்திய நிறுவனத்துக்கு மத்திய ஊதியம். அது ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு முறை. ஒப்பந்தத்தில் விலை ஏற்றப் பிரிவு இல்லையென்றால் அந்த உயர்வையும் சேர்த்தே ரேட் போட வேண்டும். மத்திய அரசு டெண்டரில் சர்வீஸ் சார்ஜ் பூஜ்யம் என்று போட்டால் விலைப்புள்ளியே தள்ளுபடி. 2014 ஜனவரியிலேயே நிதி அமைச்சகம் இதைச் சொல்லிவிட்டது.

கிருஷ்ணகிரி: நாங்க பார்ட்னர்ஷிப் ஃபர்ம். பில்லில் ஜி.எஸ்.டி. போடணுமா வேண்டாமா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு இடத்துக்கு இரண்டு பதில். ஓசூர் சிப்காட்டில் ஜி.எஸ்.டி. பதிவுள்ள தொழிற்சாலைக்கு வேலை செய்தால், நீங்கள் கம்பெனி இல்லை என்பதால் 18 சதவீதத்தை அவர்களே நேரடியாகக் கட்டுவார்கள். பில்லில் வரி வசூலிக்கக் கூடாது. டி.டி.எஸ். (பில் பணத்திலிருந்தே பிடித்துக் கட்டும் வரி) பிடிப்பதற்காக மட்டும் பதிவு வைத்துள்ள அரசு அலுவலகத்துக்கு இது பொருந்தாது, வரியை நீங்கள்தான் போட்டுக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அவர்கள் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். பிடிப்பார்கள், அதை ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால்தான் அங்குள்ள உங்கள் பணக் கணக்கில் (கேஷ் லெட்ஜர்) வரும்.

ஊத்தங்கரை: பி.எஃப். சலான் எல்லாம் ஒழுங்கா கட்டறோம். இருந்தும் பில்லை நிறுத்தி வச்சிருக்காங்க.

உங்கள் சலான் எல்லா சைட்டுக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கும். எந்தப் பெயர் எந்த கேட் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. அந்த சைட்டின் வருகைப் பதிவு, வங்கிச் சம்பளப் பட்டியல், யு.ஏ.என். (ஊழியரின் பி.எஃப். எண்), இ.எஸ்.ஐ. எண் நான்கையும் ஒரே வரிசையில் ஒரு தாளில் போட்டு பில்லோடு கொடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டக் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. அரசுப் பணம் தாமதமாக வந்தாலும் இந்தத் தேதி நகராது. மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இல்லாதவர் பெரிய டெண்டருக்குப் போக வேண்டாம். ஊழியர் பங்கைத் தாமதமாகக் கட்டினால் அது வருமான வரியில் செலவாகக் கழியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதுவும் ஒரு செக்யூரிட்டி நிறுவனத்தின் வழக்கில்.

பென்னாகரம்: லேபர் லைசென்ஸ் எத்தனை பேருக்கு மேல?

2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து லேபர் லைசென்ஸுக்கு (ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம்) வரம்பு 50 பேர். பழைய 20 பேர் வாசகத்தோடே டெண்டர் வந்தால், விளக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கி இணைத்துவிடுங்கள்.

பர்கூர்: யூனிஃபார்ம் காக்கியா இருக்கலாமா?

வேண்டாம். போலீஸ், ராணுவ உடையைப் போலத் தோன்றினாலே தண்டனை உண்டு. ஏஜென்சி பெயருள்ள கை பேட்ஜ், பதவியைக் காட்டும் தோள் அல்லது மார்பு பேட்ஜ், கயிற்றோடு விசில், லேஸ் வைத்த ஷூ, தொப்பி, போட்டோ அடையாள அட்டை இருக்க வேண்டும். ஆய்வில் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

ஓசூர்: டெக்னிக்கல் கவர்லயே தள்ளிட்டாங்க. என்ன செய்யலாம்?

டெக்னிக்கல் கவர் என்பது விலைக்கு முன் திறக்கும் தகுதி ஆவணக் கவர். அதில் தள்ளிய காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸில் ஒரு முகவரி, ஜி.எஸ்.டி.யில் வேறு முகவரி என்பது அடிக்கடி வரும் காரணம். அதற்கு மேல்முறையீட்டில் பலன் குறைவு. டெண்டரில் இல்லாத நிபந்தனையைச் சொல்லித் தள்ளியிருந்தால் 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அரசிடம் முறையிடலாம். டெண்டர் ஏற்பு உத்தரவு கைக்கு வந்த பத்து நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.